விடுப்பும் ஒரு தர்மமே

 

தர்மம் என்றதும் நம் கை சட்டைப் பைக்குத்தான் போகிறது. பணம், உணவு, உடை ஆகியவற்றோடு தர்மத்தின் பட்டியலை முடித்துக் கொள்கிறோம். மாதச் சம்பளம் வாங்குகிற ஒவ்வொருவரிடமும் இன்னொரு செல்வம் இருக்கிறது. அது சம்பளத்தோடு கூடிய விடுப்பு. நெருக்கடியில் இருக்கும் ஒரு சக ஊழியருக்கு அதைக் கொடுத்து உதவ முடியுமா? கொடுத்தால் அது தர்மமாகுமா? எப்படிக் கொடுக்க வேண்டும்? இந்த வாரம் இதைப் பற்றித்தான் நாம் சிந்திக்க இருக்கிறோம்.

பணம் சேர்ந்தது, நாள் சேரவில்லை

ஜும்ஆ முடிந்ததும் மருத்துவ உதவிக்கான அறிவிப்பு வராத பள்ளிவாசல் இல்லை. ஆபரேஷனுக்கு இவ்வளவு, மருந்துக்கு இவ்வளவு என்று சொல்வோம். அல்ஹம்துலில்லாஹ், நம் மக்கள் தாராளமாகக் கொடுக்கிறார்கள். ஆனால் நோயாளியின் பக்கத்தில் இருப்பது யார், அவருடைய வேலை என்ன ஆகும் என்று அந்த அறிவிப்பில் நாம் சொல்வதுமில்லை, யாரும் கேட்பதுமில்லை.

மகளின் சிகிச்சைக்காக உதவி பெற்ற ஒரு சகோதரர் சில வாரங்கள் கழித்து என்னிடம் வந்தார். "இன்னும் எவ்வளவு தேவைப்படுகிறது?" என்று கேட்டேன். "பணம் ஒருவழியா சேர்ந்துடுச்சு ஹஜ்ரத். லீவுதான் இல்லை" என்றார். இருந்த விடுப்பெல்லாம் முதல் இரண்டு மாதத்திலேயே தீர்ந்துவிட்டது. இனி ஒவ்வொரு நாளும் சம்பளப் பிடித்தம். வேலைக்குப் போனால் பிள்ளை தகப்பனைத் தேடுகிறது. பிள்ளையிடம் இருந்தால் வீட்டு வாடகைக்கு வழியில்லை. பெற்ற பிள்ளையா, பிழைக்கும் வழியா என்று ஒரு தகப்பன் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை எவ்வளவு கொடியது என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த நிலையில் இருப்பவருக்கு நாம் பழம் வாங்கிக்கொண்டு போய் அரை மணி நேரம் நலம் விசாரித்துவிட்டு வருகிறோம். அது சுன்னத், நன்மையான காரியம், சந்தேகமில்லை. ஆனால் அவருக்குத் தேவைப்படுவது நாட்கள்.

ஒரு நாள் விடுப்பின் மதிப்பு

நம் நாட்டில் தொழிற்சாலைத் தொழிலாளிக்கு, உழைத்த 20 நாட்களுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் சம்பளத்தோடு கூடிய ஆண்டு விடுப்பு சேர்கிறது. அப்படியானால் ஒரு நாள் விடுப்பு என்பது 20 நாள் உழைப்பின் கனி. பத்து நாள் விடுப்பு என்பது 200 நாட்கள் சிந்திய வியர்வை. மத்திய அரசு ஊழியர்கள் ஈட்டிய விடுப்பை 300 நாட்கள் வரை சேர்த்து வைத்து, ஓய்வு பெறும்போது பணமாகப் பெற்றுக் கொள்கிறார்கள். எனவே விடுப்பு என்பது உழைத்துச் சம்பாதித்த ஒரு ஹக். மதிப்புள்ள ஒரு சொத்து.

மதிப்புள்ள ஒன்றைத் தன் தேவையைத் தாண்டி இன்னொருவருக்காக விட்டுக் கொடுத்தால் அது தர்மம்தானே!

அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. ஒவ்வொரு முஸ்லிமும் தர்மம் செய்ய வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, கொடுக்க ஒன்றும் இல்லாதவர் என்ன செய்வது என்று தோழர்கள் கேட்டார்கள். தன் கையால் உழைத்துத் தானும் பயனடைந்து பிறருக்கும் கொடுக்கட்டும் என்றார்கள். அதற்கும் இயலாவிட்டால்? கடும் தேவையில் தவிப்பவருக்கு உதவட்டும் என்றார்கள். தர்மத்தின் வாசல் எவ்வளவு அகலமானது பாருங்கள்! சட்டைப் பை காலியாக இருப்பவருக்கும் அந்த வாசல் மூடப்படவில்லை.

படுக்கையருகே இருந்தவருக்கும் பங்கு உண்டு

ஹிஜ்ரி இரண்டாம் ஆண்டு பத்ருப் போர். இஸ்லாமிய வரலாற்றில் அதற்கு நிகரான ஒரு நாள் இல்லை. அந்தப் போரில் கலந்து கொண்டவர்களுக்கு இருக்கும் சிறப்பு நமக்குத் தெரியும். ஆனால் உஸ்மான் (ரலி) அவர்கள் அந்தக் களத்தில் இல்லை. காரணம், அவர்களுடைய மனைவியும் நபி (ஸல்) அவர்களின் அருமை மகளுமான ருகைய்யா (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தார்கள். அவர்களைக் கவனித்துக் கொள்வதற்காக உஸ்மான் (ரலி) மதீனாவிலேயே தங்கினார்கள்.

அந்த உஸ்மானுக்கு நபி (ஸல்) அவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? பத்ரில் கலந்து கொண்ட ஒரு மனிதருக்குக் கிடைக்கும் கூலியும் உமக்கு உண்டு, அவருக்குரிய பங்கும் உமக்கு உண்டு என்ற கருத்தில் சொன்னார்கள். இதுவும் புகாரியில் பதிவாகியுள்ளது.

இந்தச் செய்தியை நாம் எத்தனையோ முறை கேட்டிருப்போம். இன்றைய கண்ணோடு ஒரு முறை பாருங்கள். மறுமையின் கூலி மட்டும் போதும் என்று சொல்லி நிறுத்தவில்லை. இம்மையின் பங்கும் குறையவில்லை. நோயாளியின் பக்கத்தில் இருந்ததற்காக ஒரு மனிதர் தன் வருமானத்தை இழந்துவிடக் கூடாது என்ற நீதி 1400 ஆண்டுகளுக்கு முன்பே மதீனாவில் நடைமுறைக்கு வந்துவிட்டது. வராதவர் ஏன் வரவில்லை என்று பார்த்தார்கள். நோயுற்றவரைப் பராமரிப்பதும் ஒரு கடமைதான் என்று ஏற்றுக் கொண்டார்கள்.

பிரான்ஸில் ஒரு சட்டம்

இதே நீதியை நம் காலத்தில் ஒரு தேசம் எப்படிச் சட்டமாக்கியது என்று பார்ப்போம். காரைக்கால், புதுச்சேரிப் பக்கத்துக் குடும்பங்களில் பிரான்ஸில் வேலை செய்பவர்கள் பலர் உண்டு. அவர்களில் சிலருக்கு இந்தச் சட்டம் தெரிந்திருக்கலாம்.

பிரான்ஸின் லுவார் மாவட்டத்தில் சான் கால்மியே என்று ஓர் ஊர். அங்கே நீரூற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் அடைக்கும் ஆலை ஒன்று இருக்கிறது. அதில் வேலை செய்த ஒருவருடைய மகன் மாத்திஸ். அந்தச் சிறுவனுக்குப் புற்றுநோய். தகப்பனின் விடுப்பு முழுவதும் தீர்ந்து போயிற்று. அப்போது உடன் வேலை செய்தவர்கள் ஆளுக்குச் சில நாட்களாகத் தங்கள் விடுப்பை அவருக்குக் கொடுத்தார்கள். மொத்தம் 170 நாட்கள் சேர்ந்தன. மகனின் கடைசி மாதங்களில் தகப்பன் சம்பளத்தை இழக்காமல் அவன் அருகிலேயே இருந்தார். 2009-ஆம் ஆண்டின் இறுதியில் மாத்திஸ் இறந்துவிட்டான்.

170 நாட்களும் அந்தப் பிள்ளையின் உயிரைக் காப்பாற்றவில்லை. உயிர் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. ஆனால் ஒரு பிள்ளை தகப்பனின் கையைப் பிடித்துக் கொண்டு விடைபெறுவதற்கு அந்த நாட்கள் உதவின. இதன் மதிப்பை எந்தக் கணக்கில் எழுதுவது?

அந்தத் தகப்பன் அதோடு நின்றுவிடவில்லை. இந்த வசதி எல்லாப் பெற்றோருக்கும் கிடைக்க வேண்டும் என்று பாடுபட்டார். 2014 மே 9 அன்று அது நாடு முழுவதற்கும் சட்டமானது. மக்கள் அதை மாத்திஸ் சட்டம் என்றே அழைக்கிறார்கள். 20 வயதுக்குட்பட்ட பிள்ளை கடும் நோயாலோ விபத்தாலோ ஊனத்தாலோ பாதிக்கப்பட்டு, பெற்றோர் உடனிருந்தே ஆக வேண்டிய நிலை வந்தால், சக ஊழியர்கள் முதலாளியின் சம்மதத்தோடு தங்கள் விடுப்பைக் கொடுக்கலாம். மருத்துவச் சான்று வேண்டும். 2018-இல் மாற்றுத் திறனாளிகளையும், தன் வேலையைத் தானே செய்துகொள்ள இயலாத முதியவர்களையும் பராமரிக்கும் உறவினர்களுக்கும், 2020-இல் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோருக்கும் இந்த உதவி விரிவாக்கப்பட்டது.

அந்தச் சட்டத்தில் இரண்டு நிபந்தனைகள் என்னை மிகவும் கவர்ந்தன. ஒன்று, கொடுப்பவரின் பெயர் வெளியே தெரியக் கூடாது. இரண்டு, எந்தக் கைம்மாறும் பெறக் கூடாது. மனிதர்கள் தங்கள் அனுபவத்தால் கண்டுபிடித்த இந்த இரண்டும் நம் மார்க்கம் இக்லாஸ் என்று நமக்குக் கற்றுத் தந்தவைதான்.

அஷ்அரீ குலத்தாரின் ஒரே துணி

ஒருவர் மட்டும் 170 நாட்களைக் கொடுக்க முடியாது. பலர் சேர்ந்தால் முடியும். இதற்கும் நம்மிடம் அழகான முன்மாதிரி இருக்கிறது.

யமன் நாட்டிலிருந்து வந்த அஷ்அரீ குலத்தாரை நபி (ஸல்) அவர்கள் பாராட்டிய செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. போர்க்களத்தில் உணவு குறைந்து போனாலும், மதீனாவில் குடும்பத்தாரின் உணவு தட்டுப்பட்டாலும், அவர்கள் தங்களிடம் இருப்பதையெல்லாம் ஒரே துணியில் கொண்டு வந்து கொட்டுவார்கள். பிறகு ஒரே பாத்திரத்தால் அளந்து சமமாகப் பங்கிட்டுக் கொள்வார்கள். இப்படிப்பட்டவர்கள் என்னைச் சார்ந்தவர்கள், நான் அவர்களைச் சார்ந்தவன் என்று நபியவர்கள் சொன்னார்கள். இதை விடப் பெரிய நற்சான்று ஒரு கூட்டத்திற்கு வேறு என்ன வேண்டும்!

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். யார் எவ்வளவு கொண்டு வந்தார், யார் எவ்வளவு கொண்டு போனார் என்று கணக்கில்லை. துணியில் கொட்டிய பிறகு யாருடைய தானியம் எது என்று எப்படித் தெரியும்? விடுப்பைச் சேர்த்துக் கொடுப்பதும் இப்படித்தான் நடக்க வேண்டும். ஒருவர் இரண்டு நாள், ஒருவர் அரை நாள். யார் கொடுத்தது எது என்று தெரியாமல் கலந்து போக வேண்டும்.

கொடுப்பதில் பேண வேண்டிய ஒழுக்கங்கள்

முதலாவது, மனம் ஒப்பிக் கொடுக்க வேண்டும். ஒருவரின் பொருள் அவர் மனமுவந்து தந்தாலன்றி மற்றவருக்கு ஆகுமானதல்ல என்பது நபிமொழி கற்றுத் தரும் அடிப்படை. "எல்லாரும் கொடுத்தாச்சு, நீங்க மட்டும் பாக்கி" என்று ஒருவரை நெருக்குவது தர்மமாகாது. அமெரிக்காவில் மத்திய அரசு ஊழியர்கள் சக ஊழியருக்கு விடுப்புக் கொடுப்பதற்கு 1988-இல் சட்டம் வந்தது. கொடு என்றோ கொடுக்காதே என்றோ ஒருவரை வற்புறுத்துவது அதில் தடை செய்யப்பட்டிருக்கிறது. தன் நேரடி மேலதிகாரிக்கு விடுப்புக் கொடுக்கவும் அனுமதியில்லை. தர்மம் என்ற பெயரில் லஞ்சமோ முகத்துதியோ நுழைந்துவிடக் கூடாதே!

இரண்டாவது, வீட்டாரின் ஹக்கைப் பறித்துக் கொடுக்கக் கூடாது. சல்மான் (ரலி) அவர்கள் அபுத்தர்தா (ரலி) அவர்களிடம், உமது உடலுக்கும் உம் குடும்பத்திற்கும் உம் மீது உரிமை உண்டு என்று சொன்னதையும், சல்மான் சொன்னது உண்மை என்று நபி (ஸல்) அவர்கள் உறுதிப்படுத்தியதையும் நாம் அறிவோம். பிரான்ஸ் நாட்டுச் சட்டத்திலும் ஆண்டு விடுப்பில் முதல் நான்கு வாரங்களைக் கொடுக்க முடியாது. அது தொழிலாளியின் உடலுக்கும் குடும்பத்திற்கும் உரியது. அதற்கு மேல் இருப்பதைத்தான் கொடுக்கலாம். அமெரிக்காவிலும் ஓர் ஆண்டில் சேரக்கூடிய விடுப்பில் பாதிக்கு மேல் பொதுவாகக் கொடுக்க இயலாது. மனைவி பிரசவத்துக்குக் காத்திருக்கும்போது, வயதான தாய் மகன் வரவை எதிர்பார்த்திருக்கும்போது, இருக்கும் விடுப்பையெல்லாம் வெளியே கொடுத்துவிட்டு வந்து நிற்பது சரியல்ல.

அப்படியானால் ஈஸார்? ஹஷ்ர் அத்தியாயத்தின் 9-ஆம் வசனம், தங்களுக்கே தேவை இருந்தும் பிறரைத் தங்களை விட முற்படுத்திய அன்ஸாரிகளைப் புகழ்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். நம் ஓய்வை, நம் சுற்றுலாவை, நம் சௌகரியத்தை விட்டுக் கொடுப்பது ஈஸார். மற்றவர்களுக்கு நாம் நிறைவேற்ற வேண்டிய கடமையை விட்டுக் கொடுக்க நமக்கு உரிமையில்லை.

மூன்றாவது, சொல்லிக் காட்டக் கூடாது. சொல்லிக் காட்டியும் நோவினை செய்தும் உங்கள் தர்மங்களைப் பாழாக்கிக் கொள்ளாதீர்கள் என்ற எச்சரிக்கை பகரா அத்தியாயத்தில் இருக்கிறது. பணம் வாங்கியவரை நாம் எப்போதாவது ஒரு முறை பார்ப்போம். விடுப்பு வாங்கியவரைத் தினமும் பக்கத்து மேசையில் பார்ப்போம். "நான் கொடுத்த லீவுலதான் அன்னைக்கு நீ..." என்று கேலிக்குச் சொன்னால் கூடப் போதும். 200 நாள் வியர்வையின் நன்மை அந்த ஒரு வார்த்தையில் போய்விடும். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாத அளவு மறைத்துக் கொடுத்தவர், நிழலே இல்லாத மறுமை நாளில் அர்ஷின் நிழலைப் பெறும் ஏழு வகையினரில் ஒருவர் என்பதை நினைவில் வையுங்கள்.

நான்காவது, மதம் பார்த்துக் கொடுக்க வேண்டாம். நம்மோடு வேலை செய்பவர்களில் எல்லாச் சமூகத்தவரும் இருக்கிறார்கள். நம்மோடு பகைமை கொள்ளாதவர்களுக்கு நன்மை செய்வதையும் நீதியோடு நடப்பதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்று மும்தஹினா அத்தியாயம் கூறுகிறது. ஒரு தாய் தன் பிள்ளைக்காக அழும் அழுகைக்கு மதம் கிடையாது.

நம் வேலை இடத்தில் இதற்கு வழியில்லையென்றால்?

பெரும்பாலானவர்கள் கேட்கப் போகும் கேள்வி இதுதான். விடுப்பு என்பது நமக்கும் முதலாளிக்கும் இடையே உள்ள உடன்படிக்கையால் வந்த உரிமை. முஸ்லிம்கள் தங்கள் நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள். எனவே நிர்வாகத்தின் அனுமதியில்லாமல் அதை நாமாக மாற்றிக் கொடுக்க முடியாது.

சிலர் உதவி என்று நினைத்து, வராதவருக்காக வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறார்கள். வராதவரின் கார்டை எந்திரத்தில் காட்டுகிறார்கள். பொய்யான மருத்துவச் சான்று வாங்கித் தருகிறார்கள். நோக்கம் நல்லதாக இருக்கலாம், ஆனால் இது மோசடி, அமானத்துக்குச் செய்யும் துரோகம். ஹராமான வழியில் ஹலாலான உதவி இல்லை.

ஆகுமான வழிகள் பல இருக்கின்றன. நிர்வாகத்திடம் நான்கு பேர் சேர்ந்து போய், "எங்கள் விடுப்பில் இவருக்குக் கொடுக்க அனுமதியுங்கள்" என்று கேளுங்கள். மாத்திஸின் தகப்பனுக்கு அந்த 170 நாட்கள் கிடைத்தபோது இந்தச் சட்டம் இல்லை. உடனிருந்தவர்கள் கொடுக்க முன்வந்தார்கள், நிர்வாகம் ஒப்புக் கொண்டது. சட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது.

அனுமதி கிடைக்கவில்லையா? மேலதிகாரியிடம் சொல்லி ஷிஃப்டை மாற்றிக் கொள்ளுங்கள். அவருடைய வேலையில் ஒரு பகுதியை நீங்கள் முடித்துக் கொடுங்கள். வேலை செய்பவருக்கு அவர் வேலையில் கை கொடுப்பதும், செய்யத் தெரியாதவருக்குச் செய்து கொடுப்பதும் சிறந்த அமல்களில் உள்ளவை என்று அபூதர் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். உங்கள் விடுப்பு நாளில் மருத்துவமனைக்குப் போய், அவர் வேலைக்குப் போய்வரும் வரை நோயாளியின் பக்கத்தில் இருங்கள். சம்பளப் பிடித்தம் எவ்வளவு என்று விசாரித்து, பத்துப் பேர் சேர்ந்து அதை ஈடுகட்டுங்கள். நம் ஜமாஅத் நிர்வாகிகளும் மருத்துவ உதவி கேட்டு வருபவரிடம், "எத்தனை நாள் சம்பளம் போகிறது?" என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பெறுபவருக்கும் பொறுப்பு உண்டு

அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்குத் தன் சொத்தில் பாதியைத் தர ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) முன்வந்தபோது, அவருக்காக துஆச் செய்துவிட்டு, கடைவீதி எங்கே என்று கேட்டார்கள். தேவைக்கு மேல் வாங்கக் கூடாது என்பதற்கு இது பாடம். கிடைத்த விடுப்பை எதற்காகத் தந்தார்களோ அதற்கே பயன்படுத்த வேண்டும். பிள்ளை குணமாகிவிட்டால் மீதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அமெரிக்க அரசு விதிப்படியும் நெருக்கடி தீர்ந்தபின் மிஞ்சும் விடுப்பு, கொடுத்தவர்களுக்கே திரும்பிப் போகிறது.

யார் கொடுத்தார் என்று தெரியாதபோது எப்படி நன்றி சொல்வது? பெயர் தெரியாவிட்டாலும் துஆச் செய்யலாமே! ஒரு சகோதரர் இல்லாத இடத்தில் அவருக்காகச் செய்யப்படும் துஆ ஏற்கப்படுகிறது, உமக்கும் அது போல் கிடைக்கட்டும் என்று மலக்கு ஆமீன் சொல்கிறார் என்று முஸ்லிமில் வருகிறதே!

முதலாளிமார்களே!

கடைசியாக, நம்மிடையே உள்ள வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. இவ்வளவு நேரம் பேசியது விடுப்பு உள்ளவர்களைப் பற்றி. நம் கடைகளில் நிற்கும் பையன்களுக்கு, பட்டறையில் வேலை பார்ப்பவர்களுக்கு, வீட்டு வேலை செய்யும் பெண்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பு என்ற ஒன்றே இல்லாத இடங்கள் அதிகம். அவர்களுக்குக் கொடுக்க சக ஊழியரிடமும் விடுப்பு இல்லை. அங்கே கொடுக்க முடிந்தவர் நீங்கள் ஒருவர்தான். பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள், அவர்கள் தாங்க முடியாததைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் உதவுங்கள் என்ற நபிமொழி முதலில் உங்களைப் பார்த்துத்தான் பேசுகிறது. தாய் மருத்துவமனையில் இருக்கும்போது கல்லாவில் நிற்கும் பையனிடம், "போய் அம்மாவைப் பாரு, சம்பளத்தைப் பத்திக் கவலைப்படாதே" என்று சொல்லிப் பாருங்கள். அந்தத் தாயின் துஆ உங்கள் வியாபாரத்திற்கு எவ்வளவு பரக்கத்தைக் கொண்டு வரும்!

அன்பானவர்களே! இந்த உலகில் ஒரு முஃமினின் துன்பத்தை நீக்குபவரின் துன்பத்தை அல்லாஹ் மறுமையில் நீக்குகிறான். நாளை நம் ஆயுளின் ஒவ்வொரு நாளைப் பற்றியும் விசாரணை உண்டு. அந்த விசாரணையில், "இந்த நாளை என் சகோதரன் தன் பிள்ளையோடு இருப்பதற்காகக் கொடுத்தேன் யா அல்லாஹ்" என்று சொல்வதற்கு ஒரு நாளாவது நம்மிடம் இருக்கட்டும். திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போது, பக்கத்தில் இருப்பவரின் வீட்டில் யாருக்கு என்ன கஷ்டம் என்று விசாரிப்பதிலிருந்து தொடங்குங்கள்.

நோயுற்றிருக்கும் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக! அவர்களைப் பராமரிப்பவர்களின் ரிஸ்கில் விசாலத்தைத் தருவானாக! நம் செல்வத்திலிருந்தும் நம் நாட்களிலிருந்தும் பிறருக்குக் கொடுக்கும் மனதை நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.